ரேஸ் கோர்ஸ் ரோடு இருக்கு, ரேஸ் கோர்ஸ் எங்கே?

தேக்காக்காரன் | சனி இரவு 10.05

ஊரிலிருந்து வந்திருக்கும் மைத்துனரை இன்று ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்கு மீன்தலைக் கறி சாப்பிடக் கூட்டிப்போனேன். கை கழுவிவிட்டு வெளியே வந்தவர் தெருப் பெயர்ப்பலகையைப் பார்த்து, “ரேஸ் கோர்ஸ் எங்கே மச்சான்?” என்றார். எம்ஆர்டி ரயில் நிலையம், வீவக என்கிற அரசாங்க வீட்டு அடுக்குமாடிகள், பையன்கள் பந்து உதைக்கும் திடல் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கையை வீசி, “இங்கேதான் எங்கேயோ” என்றேன். இருபத்தெட்டு வருஷமாக இந்த வட்டாரத்தில் இருப்பவன் சொல்கிற பதிலா இது?

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிங்கப்பூரில் மூன்று ரேஸ் கோர்ஸ்கள் இருந்து போயிருக்கின்றன. முதலாவது நம்ம ஃபேரர் பார்க். 1843 பிப்ரவரி 23-ல் முதல் பந்தயம், பரிசு 150 டாலர். 1933-ல் புக்கிட் தீமாவுக்கு மாற்றினார்கள். 1999-ல் அதை மூடிவிட்டு 2000 மார்ச்சில் கிராஞ்சியில் புதிதாகத் திறந்தார்கள். 2024 அக்டோபர் 5-ல் அதுவும் முடிந்தது. 181 வருஷக் கதை. இப்போது இந்த நாட்டில் பந்தயக் குதிரை ஓடும் இடம் ஒன்றுகூட இல்லை.

என் கட்சி இதுதான்: பந்தயம் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம், சரி. ஆனால் மூன்றில் ஒரு ஓடுபாதையையாவது, அந்த நீள்வட்டத்தை, புல்லோடு அப்படியே விட்டுவைத்திருக்க வேண்டும். ஜனங்கள் நடக்கட்டும், பிள்ளைகள் ஓடட்டும். யாராவது மறுத்துப் பேசுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நாலாம்மாடி | சனி இரவு 10.31

மறுக்கிறேன், வேண்டிய மட்டும்.

ரேஸ் என்றால் உங்களுக்குப் புல்லும் நீள்வட்டமும் நினைவுக்கு வருகின்றன. எனக்கு எங்கள் புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக்கடைதான் நினைவுக்கு வரும். சனி, ஞாயிறு மதியம் அங்கே ஒரு ஆள் சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பேரும் நம்பரும் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அப்பா ரேஸ் கோர்ஸ் வாசலை மிதித்ததே இல்லை. குதிரையை நேரில் பார்த்தாரா என்பதே சந்தேகம். ஆனால் சம்பளத்தில் பாதி அந்த அட்டையில் போயிற்று. அம்மா சொல்வாள்: “குதிரை கீழே தள்ளினது பத்தாதுன்னு குழியும் பறிச்சுதாம்.” அந்தக் குழியை மூட எனக்கும் தம்பிக்கும் ஆறு வருஷம் ஆனது.

அதனால் கடைசிப் பந்தயத்தன்று கிராஞ்சியில் கண்ணீர் விட்டவர்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நிலம் திரும்பி வருகிறது, வீடு கட்டட்டும். நீள்வட்டத்தில் என்ன புனிதம் இருக்கிறது?

பழையவரைபடம் | சனி இரவு 11.14

இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் திருத்தம். கோபித்துக்கொள்ள வேண்டாம், இது என் வியாதி.

1843-ல் ‘ஃபேரர் பார்க்’ என்று ஒரு பெயரே கிடையாது. ரோலண்ட் ஃபேரர் 1919 முதல் 1931 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர். பெயர் அவருக்குப் பிறகு வந்தது. அதற்கு முன்னால் அது வெறும் ரேஸ் கோர்ஸ்தான். பந்தயம் நடத்திய சங்கமும் அப்போது டர்ஃப் கிளப் இல்லை. 1842-ல் தொடங்கியபோது ஸ்போர்ட்டிங் கிளப் என்றுதான் பெயர், 1924-ல்தான் டர்ஃப் கிளப் ஆனது. தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலம் அது. பக்கத்திலேயே மாட்டுத் தொழுவங்கள். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு, கண்டாங் கெர்பாவ் எல்லாம் அந்த எருமைகள் விட்டுப்போன பெயர்கள். எருமையும் போயிற்று, குதிரையும் போயிற்று, பலகைகள் மட்டும் நிற்கின்றன.

இன்னொன்று. அதை ரேஸ் கோர்ஸ் என்று மட்டும் சொன்னால் பாதிக் கதைதான். வருஷத்துக்கு இரண்டு தடவைதான் பந்தயக் கூட்டம். மிச்ச நாளெல்லாம் திடல் சும்மாதானே கிடந்தது? 1891-ல் அதற்குள்ளேயே கோல்ஃப் ஆட ஆரம்பித்தார்கள். 1911 மார்ச் 16-ல் ஜோசப் கிறிஸ்டியான்ஸ் என்ற பெல்ஜியக்காரர் அங்கிருந்துதான் விமானத்தைக் கிளப்பினார். சிங்கப்பூர் வானத்தில் பறந்த முதல் விமானம் அது.

எனக்குப் பிடித்தது 1919 டிசம்பர் 4. ராஸ் ஸ்மித்தும் அவர் அண்ணன் கீத்தும் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பறக்கிற போட்டியில் இருந்தார்கள். பரிசு 10,000 பவுன். இங்கே இறங்க வேறு இடமில்லை, ரேஸ் கோர்ஸ்தான். அவர்களுடைய பெரிய விக்கர்ஸ் விமி விமானத்துக்கு அந்தத் திடல் போதாது. பிரேக்கும் கிடையாது. என்ன செய்தார்கள் தெரியுமா? தரையைத் தொடப்போகிற நேரத்தில் மெக்கானிக் பென்னட் இருக்கையை விட்டு வெளியே வந்து, விமானத்தின் முதுகிலேயே ஊர்ந்து வால்பக்கம் போய்விட்டார். அவருடைய உடம்பு எடை வாலை அழுத்தியதில் விமானம் சீக்கிரம் நின்றது. நாம் மீன்தலை சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் நடந்தது இது.

தேக்காக்காரன் | சனி இரவு 11.40

பென்னட் கதைக்காகவே இந்தத் திரியைத் தொடங்கியது வீண் போகவில்லை. மைத்துனருக்கு இப்போதே அனுப்புகிறேன்.

இந்திய தேசிய ராணுவத்தை விட்டுவிட்டீர்களே. அதுவும் இந்த ரேஸ் கோர்ஸில்தானே தொடங்கியது? நம் ஆட்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா, இடத்தைக் காப்பாற்ற?

பழையவரைபடம் | சனி இரவு 11.52

இடம் சரி, ‘ரேஸ் கோர்ஸ்’ என்பது சரியில்லை. 1942 பிப்ரவரி 17-ல் அங்கே கூட்டினார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்த இந்தியச் சிப்பாய்கள், ஏறக்குறைய 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார், பிறகு இந்திய தேசிய ராணுவத்தை அமைத்த மோகன் சிங் பேசினார். ஆனால் குதிரைகள் அங்கிருந்து கிளம்பி அதற்குள் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அது விளையாட்டுத் திடல்.

நான் வீம்புக்குச் சொல்லவில்லை. குதிரை போன பிறகும் திடல் திறந்து கிடந்ததால்தான் அத்தனை பேரையும் ஒரே இடத்தில் நிறுத்த முடிந்தது. 1950-களில் அரசியல் கூட்டங்களும் அங்கேதான். அதாவது, நீங்கள் காப்பாற்றச் சொல்கிற சரித்திரம் ஓடுபாதையில் இல்லை, காலி நிலத்தில் இருக்கிறது.

நாலாம்மாடி | ஞாயிறு காலை 7.20

சரி, அந்தக் காலி நிலத்தை 1843-ல் யார் யாருக்காக வளைத்தார்கள்? அதையும் சொல்லுங்கள். வெள்ளைக்கார வியாபாரிகள் நாலு பேர் சேர்ந்து தங்களுக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று ஆரம்பித்தது. பார்வையாளர் மேடையில் அவர்கள், வேலிக்கு வெளியே நம் பாட்டன்மார். இப்போது நாம் அவர்களுக்காக ஒப்பாரி வைக்கிறோம்.

லாயத்துப்பிள்ளை | ஞாயிறு காலை 9.03

இந்தத் திரியை நேற்றிலிருந்து படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். நாலாம்மாடி அக்கா, வேலிக்கு வெளியே மட்டும் இல்லை, லாயத்துக்குள்ளேயும் நம் ஆட்கள் இருந்தார்கள்.

என் அப்பா புக்கிட் தீமாவில் சைஸ். குதிரைக்காரர் என்று வீட்டில் சொல்வோம். பாவெயான் தீவிலிருந்து வந்த குடும்பங்கள், நம் தமிழர்கள், மலாய்க்காரர்கள் எல்லாரும் கலந்து வேலை செய்தார்கள். இந்த ஊர் வெயிலுக்குப் பயிற்சி எல்லாம் விடிவதற்குள் முடிய வேண்டும். அப்பா மூன்றரை மணிக்கு எழுந்து போவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். இருட்டில் குதிரைகள் கண்ணுக்குத் தெரியாது, முதலில் மூச்சுச் சத்தம்தான் வரும். அப்புறம் புல் ஈரத்தில் குளம்பு விழும் சத்தம். ஓடிவிட்டு வரும் குதிரையின் முதுகிலிருந்து ஆவி கிளம்பும், சோற்றுப் பானை மூடியைத் திறந்த மாதிரி.

அதைக் கொஞ்ச நேரம் நடத்தி, மூச்சு ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவி, தண்ணீரை வழித்துவிட்டு, நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் குளம்பில் ஒட்டிய மண்ணைக் கொக்கியால் சுரண்டுவார். அந்தக் கொக்கி என்னிடம் இருக்கிறது. கைப்பிடியில் அவர் கட்டைவிரல் படும் இடம் மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். அப்பா ஒரு நாளும் பந்தயத்தில் காசு கட்டியதில்லை. “காலைப் பிடிச்சுப் பார்க்கிறவனுக்குத் தெரியும், எது ஓடும் எது ஓடாதுன்னு. அதனாலதான் கட்டல” என்பார். கேட்டால் சிரிப்பார்.

உங்கள் அப்பா பட்டது எனக்குப் புரியுது அக்கா. ஆனால் அட்டையில் நம்பர் எழுதினவன் வேறு, லாயத்தில் வேலை பார்த்தவன் வேறு. கிராஞ்சியை மூடப்போவதாக அறிவித்தபோது அங்கே ஏறக்குறைய எழுநூறு குதிரைகள். அவற்றை யாரிடமாவது ஒப்படைத்துக் கயிற்றை விட்டுவிட்டு வந்தவர்கள் பெரும்பாலும் சம்பளக்காரர்கள்.

கோலாலம்பூர்வாசி | ஞாயிறு காலை 10.15

அக்கரையிலிருந்து ஒரு வார்த்தை. எங்கள் ஊருக்கு வருபவர்கள் எல்லாரும் இரட்டைக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அது நிற்கும் இடம் எது? அம்பாங் ரோட்டில் இருந்த பழைய சிலாங்கூர் டர்ஃப் கிளப். நகரின் நட்ட நடுவில் ஏறக்குறைய நூறு ஏக்கர், வீடும் கடையும் எழும்பாமல் அத்தனை வருஷம் கிடந்தது. 90-களின் தொடக்கத்தில் குதிரையைச் சுங்கை பீசிக்கு அனுப்பிவிட்டுக் கோபுரம் கட்டினார்கள். அங்கே ரேஸ் கோர்ஸ் இல்லாமல் இருந்திருந்தால் எப்போதோ கடைவீடுகளாக நிரம்பியிருக்கும், இத்தனை பெரிய திட்டத்துக்கு இடம் கிடைத்திருக்காது.

ஆகவே குதிரைக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். பாட்டி பரணில் போட்டு வைத்த அண்டா மாதிரிதான் அந்த நிலம். அண்டா வேண்டுமென்று யாரும் வைக்கவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, கல்யாணம் வந்ததும் இறக்கினார்கள்.

தேக்காக்காரன் | ஞாயிறு காலை 10.40

அண்டா உவமைக்கு ஒரு சபாஷ். அதைத்தான் நானும் சொல்கிறேன். பரணிலிருந்து மூன்று அண்டாவையும் இறக்கிவிட்டோம். அடுத்த கல்யாணத்துக்கு என்ன செய்வது? ஃபேரர் பார்க் திடலையே பாருங்கள். குதிரை போன பிறகு எழுபது, எண்பது வருஷம் விளையாட்டு இடமாக இருந்தது. 1957-ல் திறந்த நீச்சல் குளத்தை 2003-ல் மூடினார்கள். 2019-ல் ஏறக்குறைய 1,600 வீடுகள் வரும் என்று அறிவிப்பு. விளையாட்டு வசதிகளும் உண்டு என்றார்கள்தான். ஆனால் கட்டடங்களுக்கு நடுவில் விடுகிற புல்லும் திடலும் ஒன்றா?

நாலாம்மாடி | ஞாயிறு காலை 11.08

லாயத்துத் தம்பி, உங்கள் அப்பாவைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அவரைப் போன்றவர்களைப் பற்றி ஒரு பலகை வைத்தால் அதன் முன்னால் நானும் நின்று படிப்பேன்.

தேக்காக்காரரே, உங்களிடம்தான் எனக்கு வழக்கு. புக்கிட் தீமா நிலத்தில் 15,000 முதல் 20,000 வீடுகள் வரும் என்று 2024-ல் சொன்னார்கள். அந்த வட்டாரத்தில் நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக வீவக வீடு. இதுவரை அந்தப் பச்சையை யார் அனுபவித்தார்கள்? சுற்றிலும் பங்களா வைத்திருப்பவர்கள்தான். எங்கள் பேட்டையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் புளோக் ஆள் பல் தேய்ப்பது தெரியும். ‘திறந்த வெளி’ என்று யார் பேசுகிறார்களோ அவர்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. இருபத்தெட்டு வருஷமாக அங்கே இருக்கிறேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் தங்கை மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகி இரண்டு வருஷம், வீவக வீட்டுக் குலுக்கலில் இன்னும் சீட்டு விழவில்லை. அவனிடம் போய் நீள்வட்டம் என்று சொல்லிப் பாருங்கள்.

சும்மா_வந்தவன் | ஞாயிறு காலை 11.30

வீட்டுக்குச் சீட்டு விழுவதும் 4டி லாட்டரி விழுவதும் ஒன்றுதான் இப்போது. அந்த 4டி-யே டர்ஃப் கிளப் 1966-ல் ஆரம்பித்து வைத்ததுதான். குதிரை போனாலும் வால் போகவில்லை அக்கா, காப்பிக்கடையில் கேட்டுப் பாருங்கள் 😀

பழையவரைபடம் | ஞாயிறு மதியம் 1.02

சும்மா வந்தவர் சும்மா சொன்னது முக்கியம். கிராஞ்சி ஏன் மூடியது என்று பேசும்போது எல்லாரும் நிலத்தை மட்டும் சொல்கிறார்கள். நிலம் காரணம்தான், அரசாங்கமே அதைச் சொன்னது. 120 ஹெக்டேருக்கு மேல், 2027 மார்ச்சுக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆனால் கூட்டமும் வற்றிப்போயிருந்தது. 2010-ல் ஒரு பந்தய நாளுக்குச் சராசரியாகச் சுமார் 11,000 பேர் வந்தார்கள். 2019-ல் சுமார் 6,000. கொரோனாவுக்குப் பிறகு 2,600. கிராஞ்சி மேடை கட்டியதோ 30,000 பேருக்கு. அந்த 2010-ல்தான் இரண்டு கேசினோக்களும் திறந்தன. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவும் முடியவில்லை.

அதனால், நாலாம்மாடி அக்கா, ரேஸ் கோர்ஸ் போனதால் சூதாட்டம் குறைந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள். குதிரைப் பந்தயத்தில் காசு கட்ட வேண்டுமென்றால் நடுவில் ஒரு குதிரையாவது ஓட வேண்டியிருந்தது. இப்போது அதுவும் வேண்டாம்.

முதல் இரண்டு மாற்றமும் இப்படி இல்லை. 1933-ல் மாறும்போது சிராங்கூன் பக்கம் நகரம் நெருக்கிக்கொண்டு வந்தது, கூட்டமும் திடலுக்குள் அடங்கவில்லை. ஒரு ரப்பர் தோட்டத்தை, 244 ஏக்கர், வாங்கிக்கொண்டு புக்கிட் தீமாவுக்குப் போனார்கள். மலாயாவில் ஓடும் குதிரைகள் ரயிலிலேயே புக்கிட் தீமா நிலையத்தில் வந்து இறங்கும். 1999-ல் மூடும்போதும் அடுத்த இடம் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு தடவையும் வீடு மாறினார்கள். மூன்றாவது தடவைதான் போக வீடு இல்லை.

லாயத்துப்பிள்ளை | ஞாயிறு மதியம் 1.25

ரயில் விஷயம் உண்மை. அப்பா சேர்ந்தபோது இருந்த பெரியவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். பெட்டியிலிருந்து இறங்கியதும் குதிரை கொஞ்ச நேரம் நகராதாம், தரை இன்னும் ஆடுகிற மாதிரியே கால்களை அகட்டி நிற்குமாம். இப்போது தண்டவாளம் போய் அது நடைபாதை. நிலையத்தைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் போய் நின்றேன், ஆட்கள் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குதிரை வந்து இறங்கிய இடம் என்று பக்கத்தில் இருந்த ஒருவரிடம் சொன்னேன். “அப்படியா” என்று நகர்ந்து உட்கார்ந்தார்.

தேக்காக்காரன் | ஞாயிறு மாலை 6.48

மதியம் முழுக்க யோசித்தேன். சாயங்காலம் மைத்துனரோடு மறுபடி ஃபேரர் பார்க் பக்கம் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். பென்னட் கதையைச் சொன்னதும் அவர் திடலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எட்டு வைத்து அளந்தார். “இதுக்குள்ளயா விமானம் இறங்கிச்சு?” “அப்போது இதைவிடப் பெரிசு” என்றேன். பந்து விளையாடிய பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள்.

நாலாம்மாடி சொன்னதில் ஒன்று உறைத்தது. எனக்கு வீடு இருக்கிறது, அதனால் எனக்குப் புல் வேண்டும். சரி, முழு ஓடுபாதையும் வேண்டும் என்ற வாதத்தைக் கைவிடுகிறேன். ஆனால் பாதி வாதம் மிச்சம் இருக்கிறது. புக்கிட் தீமாவில் இரண்டு மேடைகளையும் சேடல் கிளப் மாளிகையையும் இடிக்காமல் வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். நல்லது. ஆனால் பாருங்கள், இரண்டு மேடையும் காசு கட்டினவர்கள் உட்கார்ந்த இடம், மாளிகை சவாரி போனவர்களுடையது. லாயத்துப்பிள்ளையின் அப்பா நின்ற இடம் அந்தப் பட்டியலில் முதல் வரியில் இல்லையே. லாயத்தில் ஒரு வரிசையை விட்டுவைக்கட்டும், அதற்கு முன்னால் ஒரு குழாயும் தொட்டியும். கிராஞ்சியில் வீடு கட்டும்போது ஓடுபாதை வளைந்த ஒரு இடத்திலாவது சாலையையும் அப்படியே வளைத்துப் போடட்டும். அதில் ஒரு வீடும் குறையாது.

நாலாம்மாடி | ஞாயிறு இரவு 8.10

லாயம், குழாய், தொட்டி: சம்மதம். வளைந்த சாலை: பஸ் திரும்பும் என்றால் சம்மதம்.

கோலாலம்பூர்வாசி | ஞாயிறு இரவு 8.22

இரண்டு பேரும் ஒத்துப்போனால் திரி செத்துவிடும். யாராவது சண்டை போடுங்கள்.

பழையவரைபடம் | ஞாயிறு இரவு 8.45

சண்டைக்கு நான் இருக்கிறேன். சாலையை வளைத்துவிட்டு அதற்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஃபேரர் பார்க்கைச் சுற்றி டார்செட், ஹாம்ப்ஷயர், நார்தம்பர்லேண்ட், குளோஸ்டர் என்று இங்கிலாந்து மாவட்டங்களாகப் போட்டார்கள். ரேஸ் கோர்ஸ் ரோடு ஒன்றுதான் அங்கே என்ன இருந்தது என்று சொல்கிறது. கிராஞ்சியிலும் ஏதாவது பூ, பழம் பேர் வைத்துவிட்டால் அறுபது வருஷம் கழித்து யாரோ ஒரு மைத்துனர் கேள்வி கேட்கவே மாட்டார். சைஸ் ரோடு என்று வையுங்கள். அது போதும், மற்றதை விட்டுவிடுகிறேன்.

லாயத்துப்பிள்ளை | ஞாயிறு இரவு 9.01

சைஸ் ரோடு. அப்பா இருந்திருந்தால் சிரிப்பார்.

நாலாம்மாடி | ஞாயிறு இரவு 9.17

சைஸ் ரோட்டில் வீடு கிடைத்தால் தங்கை மகனை வாங்கச் சொல்கிறேன். புளோக்குக்கு மட்டும் குதிரைப் பேர், கோப்பைப் பேர், ஜாக்பாட் என்று எதையும் வைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மா அந்த லிஃப்டில் ஏற மாட்டாள்.